தூடோங் (முக்காடு) போட்ட நீதிபதியும் மச்சானின் குடி கேஸும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிற என் மச்சான், 2023 தீபாவளி முடிந்த கையோடு குடித்துவிட்டு மோட்டாரில் வந்து போலீஸ் சோதனையில் மாட்டிக்கொண்டார். தப்பு தப்புதான். ஆனால் கேஸுக்குப் போகும்முன் லைன் வீடுகளில் ஒரே பேச்சு: நீதிபதி மலாய்க்கார அம்மா, குடி என்றாலே ஹராம், தொலைத்துக்கட்டிவிடுவார்.

2020 அக்டோபரில் சட்டத்தைக் கடுமையாக்கிய பிறகு முதல் தடவைக்கே குறைந்தது 10,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், 30,000 வரை போகலாம், ஜெயிலும் இரண்டு வருடம் வரை உண்டு. மச்சானுக்கு மாதம் 1,500 வெள்ளிதான். அந்தப் பத்துக்கும் முப்பதுக்கும் நடுவில் உள்ளதுதான் நீதிபதி கையில் இருக்கிறது, சொந்த வெறுப்பு நுழைவதென்றால் அங்கேதான் நுழையும் என்று நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னால் வந்த ஆள் குடித்துவிட்டு ஒருவரை இடித்தவர், அவருக்குக் கூடுதலாக விழுந்தது. அப்புறம் மச்சான். பழைய கேஸ் உண்டா, எத்தனை பிள்ளைகள் என்று நீதிபதி கேட்டார். கசங்கிப்போன சம்பளச் சீட்டை வாங்கி, ஓவர்டைம் கணக்கு வரைக்கும் படித்தார். 10,000 வெள்ளி, லைசென்ஸ் இரண்டு வருடம் ரத்து, இதற்குக் கீழே சட்டம் இடம் தரவில்லை என்றார். மதத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

சாப்பாட்டுக் கடையில் பெயரை வைத்துத் தீர்ப்பைக் கணிக்கிறவர்களையும் சும்மா சொல்லக்கூடாது, கிறிஸ்தவத்துக்கு மாறி, அடையாள அட்டையில் இஸ்லாம் என்பதை நீக்கக் கேட்ட லினா ஜாயின் வழக்கில், 2007இல் இரண்டு முஸ்லிம் நீதிபதிகள் அவருக்கு எதிராக ஒருபக்கம், முஸ்லிம் அல்லாத நீதிபதி ரிச்சர்ட் மலாஞ்சும் மறுபக்கம் என்று பிரிந்ததை யார் மறப்பார்கள். ஆனால் நம்ம ஈப்போ இந்திரா காந்தியின் பிள்ளைகள் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள்; இஸ்லாத்துக்கு மாறிய கணவர், இந்துவான இவரைக் கேட்காமலே பிள்ளைகளையும் மதம் மாற்றிய வழக்கு. 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அவர் தோற்றபோது, அவர் பக்கம் நின்று மாற்றுத் தீர்ப்பு எழுதியவர் ஹமீத் சுல்தான் அபு பக்கர். 2018 ஜனவரியில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளும் ஒரே குரலில், அப்பா அம்மா இருவரும் சம்மதிக்காமல் பிள்ளைகளை மதம் மாற்றியது செல்லாது என்றபோது தீர்ப்பை எழுதியவர் சைனுன் அலி. பெயரைப் பார்த்து இதைக் கணித்திருக்க முடியுமா?

மச்சான் இன்னும் கூட்டுப் பணத்தில் (சீட்டுப் பணத்தில்) வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். கோர்ட்டுக்குப் போகிற யாராவது நீதிபதி எந்த இனம் என்று என்னிடம் விசாரித்தால், முதலில் சம்பளச் சீட்டையும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தையும் எடுத்து வையுங்கள் என்கிறேன்.