மொத்தம் 62,000, அடிப்படை 30,000

நான் (மாலை 6.40)
எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போன நிறுவனம் நியமனக் கடிதத்தின் வரைவை இன்று மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறது. கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலை, மாதம் மொத்தம் 62,000 ரூபாய். மட்டக்களப்பு நகரில் உள்ள மொத்த வியாபாரக் கடையில் 42,000 தருவதாகச் சொன்னார்கள் அல்லவா, அவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்கிறார்கள். உங்கள் எல்லோருடைய கருத்தையும் கேட்ட பிறகே முடிவெடுக்க விரும்புகிறேன்.

பெரியம்மா களுவாஞ்சிக்குடி (6.44)
மிகவும் சந்தோஷம் மகள். வந்தாறுமூலையில் உள்ள பல்கலைக்கழகத்தில் இத்தனை வருடம் படித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. 62,000 எங்கே, 42,000 எங்கே? கொழும்பில் இப்போது வேலைகள் பெருகி வருகின்றன என்று செய்தியிலும் சொல்கிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

கல்லடி மாமா (6.51)
வாழ்த்துகள் மகள். பதில் எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய். அந்த 62,000 எந்தெந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று கடிதத்தில் பிரித்துக் காட்டியிருப்பார்கள், அதை அப்படியே இங்கே எழுது. நான் தொழில் திணைக்களத்தில் இருந்த காலத்தில், மொத்தத் தொகையை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டுப் பிறகு முறைப்பாட்டுடன் வந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நான் (6.58)
அடிப்படைச் சம்பளம் 30,000. போக்குவரத்துக் கொடுப்பனவு 10,000. வரவுக் கொடுப்பனவு 8,000, மாதத்தில் ஒரு நாளுக்கு மேல் விடுமுறை எடுத்தால் அது கிடையாது. மீதி 14,000 ஊக்குவிப்புத் தொகை, எங்கள் பிரிவின் மாத இலக்கு நிறைவேறினால் மட்டுமே கிடைக்கும். ஓய்வுக்காலச் சேமிப்பான சேமலாப நிதி அடிப்படைச் சம்பளத்தில் கணிக்கப்படும் என்றும், ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகே அது தொடங்கும் என்றும் இரண்டாம் பக்கத்தில் எழுதியிருக்கிறார்கள். கடையில் அப்படிப் பிரிவு எதுவும் இல்லை மாமா, 42,000 முழுவதும் அடிப்படைச் சம்பளம்தான்.

கல்லடி மாமா (7.15)
இரண்டாம் பக்கத்தில் இருக்கும் அந்த வரி சட்டத்துக்கு மாறானது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, தகுதிகாண் காலத்தில் இருப்பவரோ தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டவரோ யாராக இருந்தாலும், வேலையைத் தொடங்கிய முதல் நாளிலிருந்தே ஊழியரின் சம்பளத்திலிருந்து 8 சதவீதமும் தொழில்தருநரின் பங்காக 12 சதவீதமும் கட்டப்பட வேண்டும். இன்னொரு நிதியான ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குரிய 3 சதவீதம் முழுவதும் தொழில்தருநர் கொடுக்க வேண்டியது, அதை உன் சம்பளத்தில் கழிக்கக் கூடாது.

அடுத்தது அந்த 30,000. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2016இல் முதன்முதலாகச் சட்டமானபோது 10,000 ரூபாயாக இருந்தது. 2025 ஏப்ரலில் 27,000 ஆகி, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆனது. ஆகவே, ஒரு பட்டதாரிக்கு இந்த நிறுவனம் நிர்ணயித்திருக்கும் அடிப்படைச் சம்பளம், இதற்குக் கீழே ஒருவருக்கும் கொடுக்கக் கூடாது என்று சட்டம் கோடு போட்ட அதே தொகைதான். அதற்கு மேலே இருப்பதில் பெரும்பகுதி உன் வரவையும் பிரிவின் இலக்கையும் பொறுத்துக் கிடைக்கவும் கிடைக்காமல் போகவும் கூடிய பணம்.

இப்போது இரண்டு வேலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார். கொழும்பு நிறுவனம் உன் பெயரில் மாதந்தோறும் இரண்டு நிதிகளுக்கும் சேர்த்துக் கட்டப்போவது 4,500 ரூபாய், கடைக்காரர் கட்ட வேண்டியது 6,300. மாதச் சம்பளத்தை 240ஆல் வகுத்து ஒன்றரையால் பெருக்கினால் ஒரு மணிநேர மேலதிக வேலைக்குரிய கூலி வரும்: அங்கே 187 ரூபாய் 50 சதம், இங்கே 262 ரூபாய் 50 சதம். ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு விலகினால் பணிக்கொடை வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் அங்கே 75,000, இங்கே 105,000. பணிக்கொடை கேட்பதற்குப் பதினைந்து பேராவது வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும், கடையில் அத்தனை பேர் இருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்.

சின்னப்பா (7.24)
கடை நடத்துகிறவன் என்ற முறையில் நான் ஒன்று சொல்ல வேண்டும். அடிப்படையில் 10,000 ரூபாய் கூட்டினால் அதோடு சேமலாப நிதி, நம்பிக்கை நிதியம், மேலதிக நேரக் கூலி, பணிக்கொடை எல்லாம் சேர்ந்து ஏறும். அதே 10,000 ரூபாயைக் கொடுப்பனவு என்று எழுதினால் அந்தச் செலவு அதோடு நின்றுவிடும். நிறுவனங்கள் இப்படிப் பிரித்து எழுதுவதன் காரணம் இதுதான், வேறு மறைவான காரணம் இல்லை. ஆனால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி பிள்ளைகளின் பிற்காலத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

பெரியம்மா களுவாஞ்சிக்குடி (7.29)
இவ்வளவு விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அப்படியானால் வேலைகள் பெருகுகின்றன என்று சொல்வதெல்லாம் பொய்யா?

செங்கலடிச் சின்னம்மா (7.46)
பொய் இல்லை அக்கா, ஆனால் அந்த எண்ணிக்கை எதை அளக்கிறது என்று பார்க்க வேண்டும். உயர்தர வகுப்பில் பொருளியல் படிப்பிக்கும்போது ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் அதிர்ச்சியடையும் இடம் இது. தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் தொழிற்படை மதிப்பீட்டில், கேட்கப்படும் வாரத்தில் ஒரு மணிநேரமாவது கூலிக்கோ இலாபத்துக்கோ வேலை செய்தவர் தொழில் உள்ளவராகவே எண்ணப்படுவார். இது இலங்கைக்கு மட்டும் உரிய விதி இல்லை, உலகம் முழுவதும் பின்பற்றப்படுகிறது. ஆகவே, கொழும்பில் மோட்டார் சைக்கிளில் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு தம்பியும், வங்கியில் நிரந்தரமாக வேலை செய்யும் ஒருவரும் அந்தக் கணக்கில் ஆளுக்கு ஒன்று. அந்தத் தம்பிக்குச் சேமலாப நிதியும் இல்லை, விபத்தில் கால் முறிந்தால் சம்பளத்துடன் விடுமுறையும் இல்லை. நாட்டில் வேலை செய்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இப்படி முறைசாராத் தொழில்களிலேயே இருக்கிறார்கள். வேலையின்மை 5 சதவீதத்துக்கும் குறைவு என்று அறிக்கை வரும்போது நமக்கு மகிழ்ச்சி வராததன் காரணம் இதுதான். 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டுப் போனார்கள், அப்படிப் போனவர்களும் இங்கே வேலையற்றோர் கணக்கில் வர மாட்டார்கள்.

மகளுக்கும் ஒன்று சொல்கிறேன். சம்பளத்தை விலைவாசியோடு சேர்த்துப் பார்க்காவிட்டால் கூடியதா குறைந்ததா என்று தெரியாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதமாக இருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பிறகு பணவீக்கம் இறங்கியது என்றால் விலைகள் பழைய இடத்துக்குத் திரும்பின என்று பொருள் இல்லை, ஏறும் வேகம்தான் குறைந்தது. 2021ஐ 100 என்று வைத்துக் கணிக்கும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் அதன் பிறகு 190ஐ ஒட்டியே நின்றது. அன்று 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான்களுக்கு இப்போது ஏறத்தாழ 190 ரூபாய் கொடுக்க வேண்டும். கொழும்பு மகன் 2021இல் இதே மாதிரியான வேலையில்தானே சேர்ந்தார்? அவருக்கு அப்போது எவ்வளவு கொடுத்தார்கள்?

கொழும்பு அண்ணா (8.20)
இப்போதுதான் வேலை முடிந்து வெள்ளவத்தை அறைக்கு வந்தேன், எல்லாவற்றையும் வாசித்துவிட்டேன். எனக்குத் தொடக்கத்தில் 35,000 தந்தார்கள் சின்னம்மா, அதில் 28,000 அடிப்படை.

செங்கலடிச் சின்னம்மா (8.26)
அந்த 35,000 ரூபாய்க்கு ஈடாக இன்று 66,500 கொடுக்க வேண்டும். தங்கச்சிக்குத் தருவது 62,000. பார்த்தால் இரட்டிப்பானது போலத் தெரிந்தாலும், 2021இல் நீங்கள் வாங்கியதை விடக் குறைவான சம்பளத்துக்கே அதே வேலையை இன்று வாங்குகிறார்கள். அடிப்படையைப் பார்த்தால் இன்னும் மோசம், 28,000 வெறும் 2,000 ரூபாய் கூடி 30,000 ஆகியிருக்கிறது.

கொழும்பு அண்ணா (8.41)
அது உண்மைதான். தங்கச்சி, நான் என்னுடைய செலவைச் சொல்கிறேன், உனக்கு உதவும். இரண்டு பேர் பகிரும் அறையில் என் பங்கு, தண்ணீரும் மின்சாரமும் சேர்த்து 18,000. காலையில் பாண், மதியம் கடைச் சோற்றுப் பார்சல், இரவில் அறையில் ஏதாவது சமைத்துச் சாப்பிட்டும் 22,000க்குக் குறையவில்லை. காலி வீதியில் பஸ்ஸுக்கு 5,000. சேமலாப நிதிக்குரிய 2,400 கழிந்தால் உன் கைக்கு வருவது 59,600, அதில் இந்த 45,000 போக மிஞ்சுவது 14,600. இலக்கு நிறைவேறாத மாதத்தில் மிஞ்சுவது 600 ரூபாய். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தால் அதுவும் இல்லை, கடன்தான். ஊருக்கு வந்துபோகும் உதயதேவி ரயில் டிக்கெட்டை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பெரியம்மா களுவாஞ்சிக்குடி (8.45)
600 ரூபாயா? அப்படியானால் எதற்காக அங்கே போக வேண்டும்? வீட்டில் இருந்துகொண்டே கடைக்குப் போய்வந்தால் பாதிச் சம்பளத்தையாவது சேமிக்கலாமே.

கொழும்பு அண்ணா (9.02)
பெரியம்மா, நான் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேல் மாகாணத்திலேயே நடக்கிறது. அதனால் ஒரு கணக்காளருக்கு இங்கே நூற்றுக்கணக்கான கதவுகள் இருக்கின்றன, ஒரு முதலாளி சம்பளத்தைக் கூட்ட மறுத்தால் அடுத்த தெருவில் இன்னொருவர் இருப்பார். என்னோடு சேர்ந்தவர்களில் சம்பளம் உண்மையாகவே உயர்ந்தவர்கள், இரண்டு வருடத்துக்குள் கணக்கியல் தொழில்சார் பரீட்சைகளைத் தொடர்ந்து எழுதிவிட்டு வேறு நிறுவனத்துக்கு மாறியவர்கள்தான். ஒரே கதிரையில் விலைச்சிட்டைகளைப் பதிந்துகொண்டிருந்தவர்கள் இன்னமும் அதே இடத்தில், அதே அறையில் இருக்கிறார்கள். மட்டக்களப்பு நகரில் அப்படி மாறிப் போவதற்கு எத்தனை இடங்கள் இருக்கின்றன? இருக்கும் முதலாளிமாரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

சின்னப்பா (9.10)
அது சரியான பேச்சு. கடையில் 42,000 தருபவர் அடுத்த வருடம் 43,000 தரலாம், அதற்கு அடுத்த வருடமும் அதே 43,000 தரலாம். அவரைக் குறை சொல்வதற்கில்லை, நெல் அறுவடை நல்லாயிருந்தால்தான் படுவான்கரை வயல் ஊர்களிலிருந்து வரும் வாடிக்கையாளரின் கையில் காசு இருக்கும்.

கல்லடி மாமா (9.24)
இரண்டு பக்கமும் கேட்டாயிற்று. மகள், என் கருத்தைத் திறந்து சொல்கிறேன். கொழும்புக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை, இந்தக் கடிதத்தில் இப்படியே கையெழுத்து வைப்பதைத்தான் எதிர்க்கிறேன். வேலை கொடுக்கிறார்களே என்ற நன்றியில் நம் பிள்ளைகள் ஒன்றும் கேட்காமல் சேர்ந்துவிடுகிறார்கள், அதனால் அடுத்து வரும் பிள்ளைக்கும் அதே கடிதமே காத்திருக்கிறது. கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. சேமலாப நிதி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்றும், போக்குவரத்துக் கொடுப்பனவை அடிப்படையோடு சேர்க்க முடியுமா என்றும், கடந்த ஒரு வருடத்தில் எத்தனை மாதம் அந்தப் பிரிவுக்கு ஊக்குவிப்புத் தொகை கிடைத்தது என்றும் பணிவாக எழுதிக் கேள்.

நான் (9.31)
கேட்டால் வேலையே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது மாமா. ஆனாலும் எழுதுகிறேன். எழுதிய பிறகு அண்ணாவுக்கு அனுப்புகிறேன், ஒரு தடவை திருத்தித் தாருங்கள்.

நான் (மறுநாள் பிற்பகல் 3.12)
மனிதவளப் பிரிவிலிருந்து தொலைபேசியில் பேசினார்கள். சேமலாப நிதி பற்றிய வரி பழைய மாதிரிக் கடிதத்திலிருந்து வந்துவிட்டதாகவும், அதை நீக்கிவிடுவதாகவும் சொன்னார்கள். போக்குவரத்துக் கொடுப்பனவை அடிப்படையோடு சேர்க்க ஒத்துக்கொண்டார்கள், ஆகவே அடிப்படை 40,000 ஆகும். வரவுக் கொடுப்பனவும் ஊக்குவிப்புத் தொகையும் அப்படியே இருக்கும். எத்தனை மாதம் கிடைத்தது என்ற கேள்விக்கு மட்டும் நேரடியாகப் பதில் தரவில்லை. அந்தப் பிரிவில் இருக்கும், எங்கள் வளாகத்தில் படித்த ஓர் அக்காவிடம் கேட்டேன். ஏறக்குறைய ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் கிடைக்கிறது என்றார்.

கல்லடி மாமா (3.30)
நல்லது மகள். அப்படியானால் அந்த 14,000 ரூபாயை 7,000 என்று வைத்துக்கொள், உன் சம்பளம் 62,000 இல்லை, 55,000. அதில் 3,200 சேமலாப நிதிக்குப் போகும். அவர்கள் உன் பெயரில் கட்டுவது 6,000 ஆகும், நேற்றிருந்ததை விட மாதம் 1,500 கூட.

கொழும்பு அண்ணா (3.38)
என் கணக்குப்படி செலவு போக 6,800 மிஞ்சும். முதல் வருடத்துக்கு அது போதும், ஆனால் அந்தப் பணத்தைப் பரீட்சைக் கட்டணத்துக்கு ஒதுக்கு. வீட்டுக்கு அனுப்புவதை அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பெரியம்மாவும் மற்றவர்களும் இப்போதே ஒத்துக்கொள்ள வேண்டும்.

பெரியம்மா களுவாஞ்சிக்குடி (3.47)
ஒத்துக்கொள்கிறோம் மகன். அவள் எதுவும் அனுப்ப வேண்டாம், பசி கிடக்காமல் இருந்தால் போதும்.

நான் (3.55)
அப்படியானால் கொழும்புக்கே போக முடிவெடுக்கிறேன். கடைக்காரருக்கு இன்றே அறிவித்துவிடவா?

கல்லடி மாமா (3.58)
வேண்டாம். தொலைபேசியில் சொன்னது கடிதத்தில் வரும்வரை கடைக்கு மறுப்புச் சொல்லாதே. வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது. திருத்திய கடிதம் வந்ததும் இரண்டாம் பக்கத்தையும் சேர்த்து இங்கே அனுப்பு, வாசித்துவிட்டுச் சொல்கிறேன்.