மடக்குக்கத்தியை முதுகுல அடிச்சு டெஸ்ட் பண்றது தேவையா இல்லையா?

தோப்புக்காரன்:
கோல்ட் ஸ்டீல் கம்பெனியோட ரீகான் 1 மடக்குக்கத்தி கைக்கு வந்துருச்சு. 4 இன்ச் பிளேடு, எஸ்35விஎன் ஸ்டீல், ஜி10ங்கற கண்ணாடி நார் தகடுல பிடி, வெயிட்டு 150 கிராம் கிட்ட. தோப்புல சொட்டுநீர் டியூப் வெட்ட, உரமூட்டை கிழிக்க, தென்னங்கயிறு அறுக்கன்னு வாங்கினது. வந்த உடனே திறந்து, பிளேடு தானா மடங்காம பிடிக்கிற லாக்கைப் போட்டு, கூர் இல்லாத முதுகுப் பக்கத்தை வேப்பங்கட்டைல ஓங்கி ஓங்கி அடிச்சுப் பாத்தேன், ஸ்பைன் வேக்னு சொல்றாங்களே அந்த டெஸ்ட், லாக் இம்மி அசையல. என் கட்சி என்னன்னா மடக்குக்கத்தி வாங்குறவங்க யாரா இருந்தாலும் இதை செஞ்சு பாத்துட்டுதான் வேலைக்கு எடுக்கணும், லாக் விட்டுச்சுன்னா உள்ள இருக்கறது நம்ம நாலு விரல். செல்வம் அண்ணன் போன வாரம் இதை வேண்டாத வேலைன்னு எழுதிருந்தார், அதுக்குத்தான் தனியா திரி போடுறேன். வாங்கண்ணே பேசிருவோம்.

பட்டறை செல்வம்:
தம்பி கத்தி நல்ல கத்தி, அதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க அடிச்சது எந்த வேலைக்கான டெஸ்ட்னு சொல்லுங்க. கயிறு அறுக்கும்போது கூர் கயித்து மேல அழுத்துது, கயிறு திருப்பி பிளேடை முதுகுப் பக்கமா தள்ளுது, அதாவது இன்னும் திறக்குற பக்கமா. அதைத் தாங்குறது பிளேடு போய் முட்டி நிக்கிற ஸ்டாப், மடங்காம பிடிக்கிற வேலை லாக்குக்கு அப்ப கிடையாது. மடங்குற பக்கமா சுமை விழுறது எப்பன்னா, பிளேடு கட்டைல மாட்டிக்கிட்டு ஆட்டி ஆட்டி உருவும்போது, முனையால குத்தும்போது, முதுகு எதுலயாவது இடிக்கும்போது. இதுல முக்கால்வாசி மெதுவா ஏறுற அழுத்தம். நீங்க ஓங்கி அடிக்கிற அடி அப்படி இல்ல, பிளேடு சுழலுற பிவட் ஆணி, லாக்கோட பல்லு, பல்லு போய் உக்கார்ற பள்ளம் எல்லாத்துலயும் ஒரே நேரத்துல இறங்கும். பல்லோட ஓரம் துளி நசுங்கினா போதும் மேல கீழ ஆட்டம் வந்துரும். நல்லா இருந்த லாக்கை நம்ம கையாலயே கெடுத்துட்டு பாஸ் ஆயிருச்சுன்னு சொல்லிக்கறதுல என்ன இருக்கு?

தோப்புக்காரன்:
அண்ணே நீங்க சொல்றது பழைய பேக் லாக்குக்கு சரி, அதாவது பிடியோட முதுகுல ஒரு பார் இருந்து அதோட பல்லு பிளேடு பள்ளத்துல மாட்டுற லாக்கு. பக் 110 எடுத்துக்கங்க, 1960கள்ல வந்த கத்தி, பித்தளை முனையெல்லாம் வெச்சு 200 கிராம் இருக்கும். அதுல மடங்குற விசை லாக் பார் வழியா அந்த பார் ஆடுற சின்ன ஆணி மேலதான் போய் விழும். ரீகான்ல இருக்கறது அதையே மாத்தி செஞ்ச டிரை-ஆட் லாக், கத்தி வடிவமைப்பாளர் ஆண்ட்ரூ டெம்கோ டிசைன். பிளேடுக்கும் பாருக்கும் நடுவுல தடியா ஒரு ஸ்டாப் பின் வெச்சுட்டார், சுமை அந்தப் பின் வழியா கைப்பிடிக்கு இறங்கிரும். பார்ல ஆணி போற ஓட்டையையும் கொஞ்சம் நீளவாக்குல விட்டிருக்கார், தேயத் தேய பார் தானா நகர்ந்து இறுக்கமா உக்காரும். இந்த லாக்குலதான் கம்பெனிக்காரங்களே பிளேடை வைஸ்ல கவ்வ வெச்சு கைப்பிடில நூத்துக்கணக்கான பவுண்டு தொங்க விட்டு வீடியோ போட்டாங்க. இவ்வளவு தாங்குறதுக்குன்னே செஞ்சதை நாலு அடி அடிச்சா கெட்டுப்போயிரும்னா எப்படி?

நீலகிரி நந்தா:
நான் தோப்புக்காரன் பக்கம். எங்ககூட உண்ணிச்செடி வெட்ட வர்ற ஒருத்தர் லைனர் லாக் கத்தி வெச்சிருந்தார், பிராண்டு வேணாம் விடுங்க. தண்டுல பிளேடு சிக்கிச்சு, அவர் பிடியை முறுக்கி இழுத்தார், லாக் நழுவி பிளேடு அப்படியே வந்து ஆள்காட்டி விரல் கணுல உக்காந்துருச்சு. தையல் போட்டு ரொம்ப நாள் அந்த விரலை மடக்க முடியல அவரால. முன்னாடியே அடிச்சுப் பாத்திருந்தா அந்த கத்தி வேலைக்கே வந்திருக்காது.

பட்டறை செல்வம்:
நந்தா சார், கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா அந்த கத்தி ஸ்பைன் வேக்ல தாராளமா பாஸ் ஆகிருக்கும், அதைத்தான் நான் கத்திக்கிட்டே இருக்கேன். லைனர் லாக்ங்கறது பிளேடுக்குப் பின்னாடி பக்கவாட்டுல வந்து நிக்கிற ஒரு தகடு. நேரா வர்ற அடியை பல கத்தி நல்லாவே தாங்கும், பிடியை முறுக்கும்போதுதான் பிடி வளைஞ்சு தகடு ஓரமா நழுவும். அதனால பாக்க வேண்டியது முறுக்குல. பிளந்த விறகுல பிளேடை நுழைச்சு, மடங்குற பாதைல விரல் இல்லாம பிடியை ரெண்டு பக்கமும் மெதுவா திருப்பி, தகடு நகருதான்னு கண்ணால பாருங்க. பேக் லாக்குக்கு வேற சோதனை, பிடியை இறுக்கிப் பிடிச்சா உள்ளங்கை சதை முதுகுல இருக்கற பாரை அமுக்குதான்னு பாக்கணும், அமுக்கினா லாக் தானா விடும். எந்த லாக் எப்படி விடும்னு தெரிஞ்சு அதுக்குத் தகுந்த மாதிரி சோதிக்கணும், எல்லாத்தையும் கட்டைல அடிச்சா ஒண்ணும் தெரியாது.

ஹாரோ வாசன்:
இஞ்ச யூகேல இந்தப் பிரச்சினையே வராது, ஏனெண்டா லாக் இருக்கிற கத்தியை சரியான காரணம் இல்லாமல் பொது இடத்துக்குக் கொண்டு போகேலாது. 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தில 139ஆம் பிரிவு, 3 இஞ்சுக்குள்ள இருக்கிற மடக்குக்கத்திக்குத்தான் விலக்கு, லாக் விழுந்தா அது மடக்குக்கத்தியே இல்லையெண்டு பிறகு கோர்ட்டும் சொல்லிப்போட்டுது. நான் லாக் இல்லாத ஸ்லிப்ஜொயின்ற்தான் வச்சிருக்கிறன். லாக் இல்லையெண்டு தெரிஞ்சால் கை தானா கவனமா வேலை செய்யும். உங்கட ரெண்டு பேரின்ர சண்டையிலயும் எனக்கு விளங்காதது, லாக்கில இவ்வளவு நம்பிக்கை வைக்கிற அளவுக்கு வேலையெண்டா ஏன் மடங்காத உறைக்கத்தி எடுக்கக் கூடாது?

தோப்புக்காரன்:
வாசன் அண்ணா, மரத்துல ஏறும்போது உறைக்கத்தி இடுப்புல குத்தும், மடக்குனா பாக்கெட்டோட போயிரும். இங்க சட்டம் வேற, ஆயுத விதிகள்ல பிளேடு 9 இன்ச்சுக்கு மேல நீளம், இல்லன்னா 2 இன்ச்சுக்கு மேல அகலம்னாதான் ஆயுதக் கணக்கு, விவசாயத்துக்குன்னு செஞ்சதுக்கு அதுலயும் விலக்கு இருக்கு. செல்வம் அண்ணே, முறுக்குற டெஸ்ட் நியாயம், ஒத்துக்கறேன். ஆனா அவசரத்துல விறகு பிளக்க பிளேடு மேல கட்டையால தட்ட வேண்டி வரும், அப்ப அடி தாங்குமான்னு தெரிஞ்சிருக்க வேணாமா?

பட்டறை செல்வம்:
அந்த வேலைக்கு மடக்குக்கத்தியை எடுக்கவே கூடாது. பிளேடு விறகுக்குள்ள இருக்கு, வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற முனைல நீங்க தட்டுறீங்க, முனை கீழ போகுது, பிடியை கை அமுக்கிப் பிடிச்சிருக்கு. ஒவ்வொரு தட்டும் மடக்குற பக்கமா லாக் மேலதான் விழுது. வேற வழியே இல்லன்னா லாக்கை விடுவிச்சு பிடியைத் தளர விட்டுட்டு பிளேடை மட்டும் தட்டணும்.
அப்புறம் தென்னங்கயிறுன்னு சொன்னீங்களே, உங்க கத்திக்கு அசல் டெஸ்ட் அங்கதான் இருக்கு. நாருக்குள்ள மண்ணு இருக்கும், பிளேடோட கூர்மையை அரிச்சுரும். கொஞ்ச நேரம் அறுத்துட்டு பிளேடோட வாயை லைட்டுக்கு நேரா பிடிச்சு மெதுவா சாய்ச்சுப் பாருங்க, கூரா இருக்கற இடம் கண்ணுக்கே தெரியாது, மழுங்கின இடம் மட்டும் வெள்ளைக் கோடா மின்னும். எஸ்35விஎன்ல வெனேடியம் 3 சதவீதம், கூர் நிக்கும், ஆனா சாதாரண கல்லுல தீட்டுனா லேசுல ஏறாது, டைமண்ட் கல்லு வாங்கிக்கங்க. சாணைக்காரர்கிட்ட மட்டும் குடுத்துராதீங்க, சக்கரத்துல சூடேறி வாய் நீலமாயிருச்சுன்னா அந்த இடத்துல கடினம் போயிருச்சுன்னு அர்த்தம். பக் 110ல இருக்கற 420எச்சி ஸ்டீல் இவ்வளவு நாள் கூர் நிக்காது, ஆனா வீட்டுக் கல்லுலயே தீட்டிக்கலாம்.

நீலகிரி நந்தா:
முறுக்குற விஷயம் புரிஞ்சுது அண்ணே, ஆனாலும் புதுக் கத்திய லேசா நாலு தட்டு தட்டுறதை நான் விடப் போறதில்ல, அசெம்ப்ளில பார் சரியா உக்காராம வந்திருந்தா அதுலயே தெரிஞ்சுரும். இன்னொண்ணு, பிவட்ல தேங்காய் எண்ணெய் விடுறவங்க இருக்காங்க, ஊட்டி குளிருக்கு அது உறைஞ்சு பார் கீழ வராம நிக்குது, லாக் பாதி பள்ளத்துலதான் இறங்குது. தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

பட்டறை செல்வம்:
பாதி இறங்கின லாக்குதான் எல்லாத்தையும் விட ஆபத்து. தோப்புக்காரன், உங்க கத்தில இதைப் பாருங்க. வேலை முடிஞ்சதும் பள்ளத்துல பச்சைப் பிசினும் தும்பும் அடைஞ்சிருக்கும், அப்படியே மூடித் திறந்து, பாரோட மேல்பக்கம் முதுகோட சமமா வருதா இல்ல தூக்கி நிக்குதான்னு பாருங்க. தூக்கி நின்னா பல்லு முழுசா இறங்கலைன்னு அர்த்தம்.

தோப்புக்காரன்:
இப்பதான் பாத்தேன் அண்ணே. வாழைச்சாறு காஞ்சு கருப்பா பள்ளத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு, பார் நகம் தட்டுற அளவுக்கு மேல நிக்குது. பல்குச்சியால சுரண்டி எடுத்ததும் சமமாயிருச்சு. அழுக்கோட இருக்கும்போது ஆட்டமும் இருந்துச்சு, இப்ப இல்ல. அடிச்சதால கெட்டிருந்தா சுத்தம் பண்ணின பிறகும் ஆடணும்ல? அதனால அடிக்கிற விஷயத்துல நான் சொன்னதுலதான் நிக்கிறேன், டிரை-ஆட் அதைத் தாங்குது.

பட்டறை செல்வம்:
தாங்கலைன்னு நான் சொல்லவே இல்ல தம்பி. அடிச்சப்போ பாஸ் ஆன அதே லாக் இன்னைக்கு பாதியிலதான் நின்னுது, உங்க கட்டை அதைச் சொல்லல, உங்க நகம்தான் சொல்லுச்சு. அடுத்த வாழை வெட்டு முடிஞ்சதும் சுரண்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, மேல பேசுவோம்.