மிசோ நூடுல்ஸ் சூப் கூழாகிறது, உப்பும் கரிக்கிறது. எதை முதலில் சரிசெய்வது?

கேள்வி:
வேலை முடிந்து வந்ததும் சட்டென்று செய்ய ஒரு காய்கறி நூடுல்ஸ் சூப் வேண்டும். ஒரே பாத்திரத்தில் தண்ணீர், கேரட், முட்டைகோஸ், உடான் நூடுல்ஸ், டோஃபு, இரண்டு பேருக்கு 3 மேசைக்கரண்டி சிவப்பு மிசோ (புளிக்கவைத்த சோயா விழுது), கொஞ்சம் உப்பு எல்லாவற்றையும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுகிறேன். சூப் கூழ் பதத்துக்கு வந்துவிடுகிறது. மிசோ திப்பிதிப்பியாக மிதக்கிறது, டோஃபு உதிர்கிறது. உப்பு தூக்கலாக இருந்தும் ருசி சப்பென்று இருக்கிறது. வெள்ளை மிசோவுக்கு மாறினால் சரியாகுமா?

பதில் 1:
மிசோவை மாற்ற வேண்டாம், அதைப் போடும் நேரத்தை மாற்றுங்கள். காய் வெந்து, அடுப்பை அணைத்த பிறகுதான் மிசோ. அதையும் கட்டியாகப் போடாமல், ஒரு கரண்டி சூட்டுச் சாற்றில் கரைத்து ஊற்றுங்கள். டீ வடிகட்டியைச் சூப்புக்குள் அமிழ்த்தி, அதில் மிசோவைக் கரண்டியால் தேய்த்து இறக்கினால் திப்பியே இருக்காது.

கூழாவதற்குக் காரணம் நூடுல்ஸ் விடும் மாவு. தனியாக வேகவைத்து, உறையில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிக் கிண்ணத்தில் போடுங்கள். சூப்பை மேலே ஊற்றிக்கொள்ளலாம். கூடுதலாக ஒரு பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

பதில் 2:
உப்புக் கணக்கையும் பாருங்கள் சகோ. சிவப்பு மிசோவில் சுமார் 12 சதவீதம் உப்பு. ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 18 கிராம், ஆக அதில் மட்டும் 2 கிராம் உப்பு. உடான் மாவு பிசையும்போதே உப்பு சேர்ப்பார்கள், அதுவும் உங்கள் சூப்பில்தான் இறங்குகிறது. தனி உப்பு வேண்டவே வேண்டாம். முதலில் இரண்டு மேசைக்கரண்டி மிசோ, ருசி பார்த்துவிட்டு மிச்சம்.

பதில் 3:
கொதிக்கவிட்டால் மிசோவில் இருக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும், அதனால்தான் கடைசியில் போடச் சொல்கிறார்கள்.

பதில் 1:
அடுப்பிலிருந்து இறக்கிய சூப்பின் சூட்டிலேயே அவற்றில் பெரும்பகுதி போய்விடும். கொதிக்கவிடாததற்கு முக்கியக் காரணம் மணம். புளித்துப் பக்குவமானதால் வந்த வாசனை கொதியில் ஆவியோடு பறந்துவிடுகிறது.

கேட்டவர்:
செய்து பார்த்தேன். உப்பு அளவாக இருக்கிறது, நூடுல்ஸ் தனித்தனியாக நிற்கிறது. ஆனால் சப்பென்ற ருசி போகவில்லை. இன்னொன்று, கிண்ணத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் மிசோ அடியில் படிந்து மேலே தெளிகிறது. இதுவும் கோளாறா?

பதில் 2:
படிவது இயல்பு. அரைத்த சோயா அது, சர்க்கரை மாதிரி முழுதாகக் கரையாது. கலக்கிக்கொண்டு குடியுங்கள்.

ருசிக்கு வெறும் தண்ணீர் போதாது, சாறு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் கொம்பு (kombu) என்ற உலர்ந்த ஜப்பானியக் கடற்பாசியையும் இரண்டு மூன்று உலர்ந்த ஷிட்டாகே காளானையும் காலையிலேயே ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். ராத்திரி சூடாக்கும்போது, கொதி வருவதற்கு முன் கடற்பாசியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வழவழப்பும் கசப்பும் இறங்கும். காளானை நறுக்கிச் சூப்பிலேயே போடலாம். கொம்புவின் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று 1908இல் கண்டறிந்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா. காளானில் இருக்கும் குவானிலேட் என்ற ருசிப்பொருளும் அதோடு சேரும்போது ருசி பல மடங்கு ஏறும்.

பதில் 4:
கடற்பாசி கைவசம் இல்லாத நாளில் வெங்காயத்தையும் காளானையும் எண்ணெயில் நன்றாகச் சிவக்க வதக்கி, அதில் தண்ணீர் ஊற்றுங்கள். அந்த ஆழம் வராது, ஆனாலும் சப்பென்று இருக்காது.

டோஃபுவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பட்டுப்போன்ற மென்மையான வகை என்றால் கடைசியில் மெதுவாக நழுவவிட்டு, அப்புறம் கரண்டியே போடாதீர்கள். கெட்டி வகை என்றால் கால் மணி நேரம் மேலே கனம் வைத்துத் தண்ணீரை இறக்குங்கள். என் கட்சி வேறு: கெட்டி டோஃபுவை உறையவைத்து, இளகியதும் பிழிந்து போடுவேன். உள்ளே துளை துளையாகிச் சாற்றை அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். அந்தச் சவச்சவப்பு எல்லோருக்கும் பிடிக்காது.

கேட்டவர்:
சரி, உறையவைத்தும் பார்க்கிறேன். மீந்தால் மறுநாளைக்கு வைக்கலாமா?

பதில் 1:
நூடுல்ஸை மட்டும் சூப்புக்குள் விட்டுவைக்காதீர்கள், சாற்றையெல்லாம் குடித்து ஊதிவிடும். மீந்துவிடும் என்று தெரிந்தால் மிசோ கலக்காத சாற்றையும் காயையும் ஃப்ரிட்ஜில் எடுத்துவையுங்கள். மறுநாள் கொதிக்கவைத்து இறக்கி, அப்போது மிசோவைக் கரையுங்கள்.