சிங்கப்பூர் அதிபரை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டுமா?

கல்லாங் கரை:
நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1991ல் கொண்டுவந்த தேர்தல் முறையைக் கைவிட்டு, பழையபடி நாடாளுமன்றமே அதிபரை நியமிக்கட்டும். யூசோஃப் இஷாக், பெஞ்சமின் ஷியர்ஸ், தேவன் நாயர், வீ கிம் வீ நால்வரும் அப்படி வந்தவர்கள்தாம். நான்காண்டுத் தவணை, ஒரு தீர்மானம், பதவியேற்பு, அவ்வளவுதான். மலாய்க்காரர், யுரேசியர், இந்தியர், சீனர் என்று சமூகங்கள் மாறி மாறி வந்ததற்கும் எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. தேர்தல் வந்த பிறகு என்ன கண்டோம்? 1993 முதல் 2023 வரை ஆறு தேர்தல். அதில் 1999, 2005, 2017 மூன்றும் போட்டியின்றி முடிந்தன. பாதி நேரம் மக்கள் வாக்களிக்கவே இல்லை.

இரட்டைச் சாவி:
நாடாளுமன்றம் நியமித்த ஒருவர், அதே நாடாளுமன்றத்தின் பெரும்பான்மையிடம் "நாட்டின் சேமிப்பைத் தொடாதே" என்று எந்த பலத்தில் சொல்வார்? தேர்தல் வந்ததே இந்தக் கேள்வியால்தான். 1984 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ குவான் இயூ இந்த யோசனையை வெளியிட்டார். 1988லும் 1990லும் வெள்ளையறிக்கைகள் வந்தன. பொறுப்பில்லாத அரசு ஒன்று வந்தால் பல தலைமுறை சேர்த்ததை ஒரே தவணையில் கரைத்துவிடும் என்பது அப்போதைய கவலை.

இது நடைமுறையில் எப்படி என்று தெரியாமலே பலர் பேசுகிறார்கள். ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்குப் பிறகும், முந்தைய அரசுகள் சேர்த்த இருப்பு, அதாவது நாட்டின் சேமிப்பு, பூட்டப்படும். புதிய அரசு தன் தவணையில் மிச்சம் பிடிப்பதைத் தன் விருப்பப்படி செலவழிக்கலாம். பூட்டியதில் கைவைக்க அதிபரின் ஒப்புதல் வேண்டும். அரசின் முதலீட்டு நிறுவனங்களான தெமாசெக், ஜிஐசி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக), மத்திய சேமநிதிக் கழகம் ஆகியவற்றின் வரவுசெலவுத் திட்டங்களும் அவரிடம் போகும். தலைமை நீதிபதி, தலைமைச் சட்ட அதிகாரி, தற்காப்புப் படைத் தலைவர், காவல்துறை ஆணையர் நியமனங்களுக்கும் அவர் இசைவு வேண்டும்.

2009ல் உலக நிதி நெருக்கடி வந்தபோது அப்போதைய அதிபர் நாதன் 4.9 பில்லியன் வெள்ளிக்கு ஒப்புதல் தந்தார். அரசு ஏறத்தாழ 4 பில்லியன் எடுத்தது, 2011ல் திருப்பி வைத்துவிட்டது. 2020ல் கொவிட் வந்தபோது அதிபர் ஹலிமா அந்த நிதியாண்டுக்கு 52 பில்லியன் வரை அனுமதித்தார். 2020 முதல் 2022 வரையிலான நிதியாண்டுகளில் எடுத்தது சுமார் 40 பில்லியன். முறை வேலை செய்கிறது.

கல்லாங் கரை:
இரண்டும் "சரி" என்று சொன்ன கதைகள். "முடியாது" என்று சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

நிதியிலும் நியமனங்களிலும் அதிபர் முதலில் ஆலோசகர் மன்றத்தைக் கேட்க வேண்டும். 2016 அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதில் எட்டுப் பேர். மூவரை அதிபர் நியமிக்கிறார், மூவரைப் பிரதமர் சொல்கிறார், தலைமை நீதிபதி ஒருவரையும் பொதுச் சேவை ஆணையத் தலைவர் ஒருவரையும் சொல்கிறார்கள். மன்றத்தின் பரிந்துரைக்கு மாறாக அதிபர் மறுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் அந்த மறுப்பைத் தள்ளிவிடலாம். ஆளும் மக்கள் செயல் கட்சிக்கு அந்த மூன்றில் இரண்டு இல்லாத நாடாளுமன்றம் சுதந்திரத்துக்குப் பிறகு ஒன்றுகூட அமைந்ததில்லை. நாடு முழுக்க வாக்கு வாங்கியவரை வாக்கே கேட்காத எட்டுப் பேர் தடுக்கலாம் என்றால் தேர்தல் எதற்கு?

இரட்டைச் சாவி:
மறுபாதியை விட்டுவிட்டீர்களே. மன்றம் அதிபர் பக்கம் நின்றால் அந்த மறுப்பு இறுதியானது, நாடாளுமன்றம் அதைத் தொட முடியாது. மன்றத்துக்குச் சம்பந்தமே இல்லாத அதிகாரங்களும் உண்டு. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு ஓர் அமைச்சரை விசாரிக்க நினைக்கிறது, பிரதமர் மறுக்கிறார் என்று வையுங்கள். அதிபர் இசைந்தால் விசாரணை நடக்கும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவரை விடுவிக்கலாம் என்று ஆலோசனைக் குழு சொல்லி, அரசு விட மறுத்தாலும் அப்படித்தான். அதிபர் இசையாவிட்டால் தொடர்ந்து அடைத்து வைக்க முடியாது.

கணக்குப்புலி:
இருவரும் மறுப்பதிலேயே நிற்கிறீர்கள். மறுக்க வேண்டுமானால் முதலில் கையில் கணக்கு இருக்க வேண்டும். முறை இடறியதும் அங்கேதான்.

மக்கள் தேர்ந்தெடுத்த முதல் அதிபர் ஓங் டெங் சியோங் 1993ல் 58.7 விழுக்காடு வாக்கு பெற்று வந்தவர், அதற்கு முன் துணைப் பிரதமர். பூட்டிய இருப்பில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டார். ரொக்கமும் முதலீடும் எளிது. நிலம், கட்டடம் போன்ற அசையாச் சொத்துகளை மதிப்பிட ஒரு ஆள் வேலை செய்தால் 56 ஆண்டு பிடிக்கும் என்று அவருக்குப் பதில் வந்தது. 1998ல் அஞ்சலகச் சேமிப்பு வங்கியை டிபிஎஸ் வங்கிக்கு விற்கும் செய்தியை நாளிதழில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டதாக 2000ல் ஏஷியாவீக் இதழுக்குத் தந்த பேட்டியில் சொன்னார். அந்த வங்கியின் இருப்போ அவர் காவலில் இருந்தது. அதிகார எல்லைச் சிக்கல் அதற்கு முன்பே 1995ல் அரசியல் சட்டத் தீர்ப்பாயம் வரை போய், தீர்ப்பு அரசின் பக்கம் வந்தது. 1999ல் அரசு வெளியிட்ட வெள்ளையறிக்கையில்தான் இரு தரப்பும் எப்படி நடந்துகொள்வது என்ற நெறிகள் எழுத்தில் வந்தன. பதவி வந்து எட்டு ஆண்டுக்குப் பிறகு!

இன்னொன்று. பெரிய பணம் அவசர காலத்தில் போவதில்லை, ஆண்டுதோறும் முதலீட்டு வருமானமாகப் போகிறது. நீண்டகால உண்மை வருமானம் (விலைவாசி உயர்வைக் கழித்தது) இவ்வளவு வரும் என்று எதிர்பார்த்து, அதில் பாதி வரை அரசு செலவழிக்கலாம். இன்று வரவுசெலவுத் திட்டத்தின் வருவாயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இதுதான். அந்த எதிர்பார்ப்பு விகிதத்துக்கு அதிபர் இசைய வேண்டும். இசையாவிட்டால் கடந்த 20 ஆண்டுகளின் சராசரி விகிதம் தானாக நடைமுறைக்கு வரும். நிலம் விற்ற பணமோ செலவுக்கு வராது, சொத்து உருமாறியதாகக் கருதி நேரே பூட்டிய இருப்புக்குள் போய்விடும். அதிபருக்கு வேண்டியது இதையெல்லாம் வரிவரியாகப் படிக்கும் ஆற்றல். மேடையில் கைகூப்பி வாக்குக் கேட்டால் அது வருமா?

தேக்கா சந்து:
அந்த ஆற்றலுக்குத்தான் தகுதி விதி இருக்கிறதே! அதை எப்படி உயர்த்தினார்கள் பாருங்கள். முன்பு தனியார் துறையினருக்கு 100 மில்லியன் வெள்ளி மூலதன நிறுவனம் போதும். 2016ல் அது 500 மில்லியன் பங்குதாரர் மூலதனமாக உயர்ந்தது, மூன்றாண்டுச் சராசரி. தலைமை நிர்வாகியாகவும் மூன்றாண்டு இருந்திருக்க வேண்டும். ஆனால் அமைச்சர், நாடாளுமன்ற நாயகர், நிரந்தரச் செயலாளர் என்றால் அந்த மூன்றாண்டுப் பதவியே தகுதி, பண அளவு கிடையாது.

2011ல் டோனி டான் வென்றது 35.2 விழுக்காட்டில், டான் செங் போக்கை விட 7,382 வாக்குகள்தாம் கூடுதல். (வேட்பாளர் நால்வரும் 'டான்', வாக்குச் சீட்டை நினைத்துப் பாருங்கள்.) அடுத்த தேர்தல் மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கப்பட்டது. ஐந்து தவணை ஒரு சமூகத்திலிருந்து யாரும் வராவிட்டால் அடுத்தது அவர்களுக்கு என்பது விதி. அந்த ஐந்தை வீ கிம் வீயிலிருந்து எண்ணினார்கள், அவரோ மக்கள் தேர்ந்தெடுத்தவர் அல்லர். ஓங்கிலிருந்து எண்ணியிருந்தால் 2017 எல்லோருக்கும் திறந்திருக்கும். டான் செங் போக் நீதிமன்றம் போனார், எங்கிருந்து எண்ணுவது என்பது நாடாளுமன்றத்தின் உரிமை என்று தீர்ப்பு. மற்ற இரு வேட்பாளர்களின் நிறுவனங்களும் 500 மில்லியனை எட்டவில்லை, ஹலிமா போட்டியின்றி வந்தார். 2023ல் எல்லோருக்கும் திறந்த தேர்தலில் இந்தியரான தர்மன் 70.4 விழுக்காடு பெற்று வென்றார். ஒதுக்கீடு தேவைப்பட்டதா?

இரட்டைச் சாவி:
தர்மன் நிதியமைச்சராகவும் துணைப் பிரதமராகவும் இருந்து, எல்லாச் சமூகத்திலும் பெயர் வாங்கியவர். அவரை வைத்துப் பொது விதி எழுத முடியாது. சிறுபான்மையினர் திறந்த தேர்தலிலேயே வந்துகொண்டிருந்தால் அந்த ஒதுக்கீடு விதி தூங்கிக்கொண்டே இருக்கும். யாருக்கும் நட்டமில்லை. எண்ணத் தொடங்கிய இடம் நெருடலானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கல்லாங் கரை:
அப்படியானால் 2016ல் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையிலான ஆணையமே போகிற போக்கில் சொன்ன மாற்று வழியைப் பேசுவோம். அதிபரை மீண்டும் நியமனமாக்கி, ஒற்றுமையின் அடையாளமாக வைத்துக்கொள்வது. இருப்பைக் காக்கும் வேலையைத் தனியான வல்லுநர் அமைப்புக்குக் கொடுப்பது. அந்த அமைப்பு முழுதாகத் தடுக்காது; திட்டத்தைத் தாமதப்படுத்தி, நாடாளுமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்க வைக்கும். அரசு இதை ஏற்கவில்லை. எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சி அதே ஆண்டு, மக்கள் தேர்ந்தெடுக்கும் எட்டுப் பேர் கொண்ட செனட் என்று வேறொன்றை முன்வைத்தது. அதுவும் போகவில்லை.

இரட்டைச் சாவி:
தாமதப்படுத்தும் அமைப்பு பொறுப்பற்ற அரசை எப்படி நிறுத்தும்? பெரும்பான்மை உள்ள கட்சி இரண்டு நாள் விவாதித்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளும். செனட் என்றால் அங்கேயும் கட்சி அரசியல் வரும்.

கணக்குப்புலி:
விவாதத்துக்கும் எண் வேண்டுமே. தெமாசெக் தன் மதிப்பை வெளியிடுகிறது, மத்திய வங்கியான நாணய ஆணையத்தின் அந்நியச் செலாவணி இருப்பும் வெளியில் தெரியும். ஜிஐசி எவ்வளவு வைத்திருக்கிறது என்பது வெளியிடப்படுவதில்லை. நாணயத்தைத் தாக்க நினைப்பவர்களுக்கு நம் பலம் தெரியக்கூடாது என்பது அரசின் வாதம். மொத்தம் தெரியாத மக்கள், அதிபர் சரியாகக் காவல் காத்தாரா என்று எதை வைத்து முடிவு செய்வார்கள்? தர்மனின் தவணை 2029ல் முடிகிறது. அப்போது வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அசையாச் சொத்துப் பட்டியலை எப்போது கேட்பீர்கள், கிடைக்காவிட்டால் எங்களிடம் சொல்வீர்களா?