புதுப்பிப்பு: அடகில் இருந்த தையல் மெஷின் வீடு வந்தாச்சு

வீட்டுக்காரர் தவறிய பிறகு தையல் மெஷினை அடகு வைத்ததையும், கோயிலுக்குப் போகவே மனசு வராததையும் போன வருஷம் எழுதியிருந்தேன். ஜெபித்த எல்லோருக்கும் நன்றி.

போன மாதம் மெஷினை மீட்டுவிட்டேன். பெடல் துருப்பிடித்து, மிதித்தால் கிரீச்சென்று கத்துகிறது. இரண்டு நாள் எண்ணெய் விட்டதில் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

மதுரை கீழவெளி வீதி மரியன்னை பேராலயத்துக்கும் போகிறேன், கடைசி வரிசைதான். பைபிளில் சொத்தையும் பிள்ளைகளையும் இழந்த யோபுவுக்குப் போல எல்லாம் இரட்டிப்பாகக் கிடைக்கும் என்று சிலர் சொல்லியிருந்தீர்கள். சரி, அவருடைய 7,000 ஆடுகள் 14,000 ஆயின. பிள்ளைகள் மட்டும் முன்போலவே 10 பேர்தான். செத்தவர்கள் திரும்பி வரவில்லை. ஏனோ எனக்கு அந்தக் கணக்குதான் ஆறுதல்.

அப்புறம், கிறிஸ்துமஸுக்கு ஆறு பிளவுஸ் வந்திருக்கிறது.