பழைய லாரி பார்க்கப் போனபோது உங்களுக்கு நடந்தது என்ன?

சக்கரம்:
வண்டி பளபளவென்று இருந்தது. புது சீட், புது மேட். எனக்கு உறுத்தியது சேஸ்தான், அதாவது வண்டியின் அடிச்சட்டம். இத்தனை வருஷம் லோடு அடித்த வண்டியில் துளி துரு இல்லை, புதுக் கறுப்பு பெயின்ட். டார்ச்சோடு அடியில் படுத்தேன். பின் ஸ்பிரிங் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் ஒரு மேடு. சாவியால் சுரண்டினால் வெல்டிங்! அதுவும் கீழ்விளிம்பில், குறுக்கே. விற்பவர் குனிந்து பார்த்து, "அது கம்பெனியிலேயே அப்படித்தான் சார் வரும்" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வாங்காமல் வந்துவிட்டேன், ஆனால் அந்த முகம் மறக்க மாட்டேன் என்கிறது.

டீசல்புகை:
வெல்டிங்கைப் பார்த்ததும் ஓடிவர வேண்டியதில்லை. சேஸை நீட்டியிருப்பார்கள், உள்ளே பட்டை வைத்திருப்பார்கள். முறையாகச் செய்திருந்தால் தாங்கும்.

நாலாவதுகியர்:
டீசல்புகை, அவர் எழுதியதைச் சரியாகப் படியுங்கள். கீழ்விளிம்பு, குறுக்கே. இரண்டு அச்சுகளுக்கு நடுவே லோடின் இழுவிசை அங்கேதான் விழும். அங்கே துளை போடவே தயாரிப்பாளர்கள் விடுவதில்லை. பதப்படுத்திய எஃகு என்றால் வெல்டிங் சூட்டிலேயே அதன் பலம் குறைந்துவிடும்.

என் கதை இன்ஜின். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். சூடான இன்ஜினில் ஸ்டார்ட் கோளாறு தெரியாது. போனால் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது. "உங்களுக்காகத்தான் சூடு பண்ணி வைத்தேன்" என்கிறார்! ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயில் தலைகீழாக வைத்தேன். குதித்துக் கீழே விழுந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து, எரிந்த வாயு இன்ஜின் அடிப்பகுதிக்குக் கசிகிறது என்று அர்த்தம். அப்புறம் அவர் விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

டீசல்புகை:
மூடி குதிப்பதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. இன்ஜின் உள்வாயு வெளியேறும் பிரீத்தர் குழாய் அடைத்திருந்தாலும் குதிக்கும்.

பழையஸ்டியரிங்:
நான் பார்த்த வண்டியில் மீட்டர் ஓட்டம் ரொம்பக் குறைவு, பிரேக் பெடல் ரப்பரோ வழவழவென்று தேய்ந்திருந்தது. அவ்வளவுதான்.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டயர் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் பாருங்கள்; 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டில் படும் மேல்பள்ளம்) நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாக இருக்கும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), பேரிங் ஆட்டம் கையிலேயே தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சிலிண்டருக்குள் போகிறதா பாருங்கள். சேஸில் பொறித்த எண்ணை ஆவணத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள், அந்த இடம் அரைத்த மாதிரி இருந்தால் பேச்சே வேண்டாம். வண்டி மேல் கடன் நிற்கிறதா என்பதை விற்பவர் வாயால் கேட்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், லோடு ஏற்றி ஒரு மேட்டில் ஓட்டிப் பார்க்காமல்...

சக்கரம்:
லோடோடு ஓட்ட யார் விடுகிறார்கள்?

பழையஸ்டியரிங்:
விடாதவரிடம் வாங்காதீர்கள். காலி வண்டியில் கிளட்ச் நழுவுவது தெரியாது.

டீசல்புகை:
தெரியும். பார்க்கிங் பிரேக் போட்டு, மேல் கியரில் மெதுவாக கிளட்சை விடுங்கள். இன்ஜின் அணையவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது.