அயர்ன் கிராஸ் சான்று: ரெஜிமென்ட் 171-ஆ 177-ஆ?

முதல் உலகப் போர் ஜெர்மன் ராணுவ மெடலான 1914 அயர்ன் கிராஸ் ரெண்டாம் வகுப்பு ஒண்ணும் அதோட 1917 தேதி போட்ட சான்றுத் தாளும் லைப்சிக் பழைய பொருள் சந்தைல வாங்கினேன், மெடல்ல பிரச்சனை இல்ல, நடு இரும்புல காந்தம் ஒட்டுது, வெள்ளி ஃப்ரேமும் சரியா இருக்கு, வளையத்துல கேஓ (KO)-ன்னு தயாரிப்பாளர் முத்திரை தெரியுது. சிக்கல் தாள்லதான். மெடல் வாங்கினவரோட இன்ஃபன்ட்ரி ரெஜிமென்ட் (காலாட்படைப் பிரிவு) நம்பர் கையால எழுதினது, கடைசி எண் 1-ஆ 7-ஆன்னு புரியல, அந்தக்கால ஜெர்மன் கையெழுத்துல 1-க்கும் மேல நீளமா ஒரு கோடு இழுப்பாங்க.

பிரஷ்யா, சாக்சனி ரெண்டும் அப்போ ஜெர்மனிக்குள்ள தனித்தனி படை வச்சிருந்த ராஜ்யங்கள். 171-ன்னா கோல்மார்ல இருந்த பிரஷ்ய ரெஜிமென்ட், அவங்க ஆவணம் பெரும்பாலும் 1945 ஏப்ரல்ல போட்ஸ்டாம் குண்டுவீச்சுல எரிஞ்சு போச்சு. 177-ன்னா டிரெஸ்டன் சாக்சன் படை, அந்த ராணுவப் பேப்பர் டிரெஸ்டன் ஆவணக் காப்பகத்துல இருக்கு, அதனால இந்த ஒரு எண்தான் எல்லாமே. மெடலை வச்சு சொல்ல முடியாது, பிரஷ்யா சாக்சனின்னு பாக்காம எல்லாருக்கும் குடுத்திருக்காங்க. போர்ல செத்தவங்க, காயம்பட்டவங்க பேர் இருக்குற இழப்புப் பட்டியல்லயும் தேடிட்டேன், அதே பேர்ல ஏகப்பட்ட பேர். ஸ்கேன் பண்ணி கான்ட்ராஸ்ட் கூட்டியும் பாத்தாச்சு. வட்ட முத்திரை பாதி அழிஞ்சிருக்கு, கமாண்டர் கையெழுத்து மட்டும் தெளிவா இருக்கு.

கமாண்டரோட அந்தக் கையெழுத்தை வச்சு இது 171-ஆ 177-ஆன்னு எப்படி உறுதி பண்றது?